கை நனைக்காத விருந்தாளி

கண்ணாத்தாள்: தண்ணியாவது குடிங்க. தண்ணியில என்ன இருக்கு?

மருதையன்: இருக்கு. ஊத்தினது யாரு?

கண்ணாத்தாள்: அந்தத் தம்பிதான்.

மருதையன்: அப்ப வேணாம். எம் பாட்டில்ல இருக்கு. மன்னார்குடி பஸ்டாண்டு தண்ணி.

கண்ணாத்தாள்: அது நேத்தே சுட ஆரம்பிச்சுருச்சு.

மருதையன்: சுட்டாலும் நம்ம தண்ணி.

கண்ணாத்தாள்: நேத்து மத்தியானம் பட்டினி. ராத்திரி ரெண்டு முறுக்கு. இப்ப விடிஞ்சு பலகார நேரம். கடலுக்குப் பக்கத்துல குடைய விரிச்சு, மேசைக்கு வெள்ளத்துணி போட்டு, பூவெல்லாம் வச்சிருக்கான். சுத்தி இருக்கிறவுங்கல்லாம் சிரிச்சுகிட்டுத் திங்கிறாங்க. நீங்க மட்டும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி...

மருதையன்: எனக்கும் சேத்துத்தான் நீ திங்கிறியே.

கண்ணாத்தாள்: எனக்கு அந்தக் கட்டுப்பாடு கெடையாது.

மருதையன்: ஏன் கெடையாது? செம்மொழி எனக்கு மட்டுமா பொண்ணு? சம்பந்தம் பேசி முடிக்காத எடத்துல கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தின்னுட்டா சம்மதம்னு ஆயிரும்.

கண்ணாத்தாள்: அது மாப்பிள்ள வீட்டுக்குப் போனா. இது ஓட்டலு.

மருதையன்: பரிமாறுறவன் யாரு? எம் பொண்ணக் கட்டிக்கிறேன்னு நிக்கிறவன். அவன் கையால வச்சா, எங்க வச்சாலும் அது அவன் வீட்டுச் சோறுதான்.

கண்ணாத்தாள்: பொம்பள கை கணக்குல வராது. அது எங்க ஊரு வழக்கம்.

மருதையன்: எப்பலேர்ந்து?

கண்ணாத்தாள்: நேத்து மத்தியானத்துலேர்ந்து. அந்த மீனப் பாத்ததுலேர்ந்து.

மருதையன்: ...வஞ்சிரமா அது?

கண்ணாத்தாள்: வஞ்சிரந்தான். வாழையிலையில சுத்திச் சுட்டுருந்தான். ஏன், வாசம் வந்துச்சா?

மருதையன்: வரல.

கண்ணாத்தாள்: ஒங்க வயிறு கத்துனது பக்கத்து மேசைக்குக் கேட்டுச்சு.

மருதையன்: அது கடலு.

கண்ணாத்தாள்: கடலு கெடக்கு அங்க. சத்தம் வந்தது இங்கேர்ந்து.

மருதையன்: நீ தின்னு. பேசாம தின்னு.

கண்ணாத்தாள்: தின்னா எறங்க மாட்டேங்குதுங்க. புள்ள என்ன சொல்லி அனுப்பிச்சா? "அப்பா, நீங்களே போயி அவரு வேல பாக்குற எடத்துல ஒரு நாள் தங்கிப் பாருங்க. அவர் கையால ஒரு வாய் சாப்புட்டா சம்மதம்னு எடுத்துக்குறேன். சாப்புடாம வந்தீங்கன்னா, அதுக்கு மேல இந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்"னு. சொன்னாளா இல்லயா?

மருதையன்: சொன்னா.

கண்ணாத்தாள்: அவ சொன்னா செய்வா.

மருதையன்: எம் பொண்ணுல்ல. செய்வா.

கண்ணாத்தாள்: அதுல பெரும வேற! பத்து மணிக்குப் பலகாரத்த எடுத்துருவாங்களாம். அதுக்கப்புறம் நம்மள ஏத்திக்கிட்டுப் போக வண்டி வந்துரும். அவ்வளவுதான்.

மருதையன்: வரட்டும். ஊருக்குப் போனா நிம்மதியாத் தூங்கலாம். அது மெத்தையாடி? காலு வச்சா நடவு வயல் மாதிரி உள்ள போவுது.

கண்ணாத்தாள்: அதான் தரையில படுத்தீங்களே.

மருதையன்: குளிக்கிற ரூமுக்குக் கண்ணாடியில செவுரு. யாரு குளிக்கிறத யாரு பாக்குறதுக்கு?

கண்ணாத்தாள்: நான்தான் சேலையத் தொங்க விட்டேன்ல.

மருதையன்: நான் உள்ள இருக்கும்போது காத்துல பறந்துருச்சு.

கண்ணாத்தாள்: நான் கடலத்தான் பாத்துகிட்டு இருந்தேன்.

மருதையன்: சிரிச்சுகிட்டா?

கண்ணாத்தாள்: கடலு சிரிப்பா இருந்துச்சு.

மருதையன்: துண்ட மடிச்சு மடிச்சு வாத்து மாதிரி வச்சிருக்கான். பிரிக்க மனசு வரல. வேட்டியிலயே தொடச்சுக்கிட்டேன்.

கண்ணாத்தாள்: அந்த வாத்த நான் பையில வச்சுட்டேன். செம்மொழிகிட்ட காட்டலாம்னு.

மருதையன்: எடுத்து வெளிய வையி! வந்த எடத்துல துண்டத் தூக்குனாங்கன்னு பேரு வாங்கவா?

கண்ணாத்தாள்: மெதுவா... தம்பி வருது.

செழியன்: வணக்கம் சார். வணக்கம் மேடம். தூக்கமெல்லாம் நல்லாருந்துச்சா?

மருதையன்: தரை நல்லாருந்துச்சு.

செழியன்: தரையிலயா சார் படுத்தீங்க?

கண்ணாத்தாள்: அவரு தரையில. நான் மெத்தையில தம்பி. நட்ட நடுவுல.

செழியன்: சார், இட்லி இருக்கு, ஆப்பம் இருக்கு. முட்ட எப்புடிச் சொல்றீங்களோ அப்புடி...

மருதையன்: ஒண்ணும் வேணாம்.

செழியன்: சரி சார். மேடத்துக்குப் பொங்கல் கொண்டாந்துருக்கேன். கத்திரிக்கா கொத்சு வைக்கல. சட்னி மட்டுந்தான். கத்திரிக்கா தின்னா ஒங்களுக்குத்தான் ஒடம்பெல்லாம் அரிக்குமே...

மருதையன்: இது ஒனக்கு எப்புடித் தெரியும்?

கண்ணாத்தாள்: நேத்து சொன்னேன்.

மருதையன்: நேத்து பூராவும் நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்?

கண்ணாத்தாள்: நீங்க கடலப் பாத்துகிட்டு இருந்தீங்க.

செழியன்: ஆமா சார். மேடம்தான் சொன்னாங்க. மத்தியானம்.

கண்ணாத்தாள்: ராத்திரி.

செழியன்: ராத்திரி சார்.

மருதையன்: ம்... ஏன் தம்பி ஒனக்கு இப்புடி வேர்க்குது? காத்து ஆளத் தூக்குற மாதிரி அடிக்குது.

செழியன்: கோட்டு சார். உள்ள துணி வச்சுத் தச்சது. அத்தைக்கு... மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் நெய் ஊத்தவா?

மருதையன்: அத்தையா?

செழியன்: பொதுவா சொன்னேன் சார். வயசுல பெரியவங்கள...

கண்ணாத்தாள்: நான் வயசானவளா?

செழியன்: இல்ல மேடம்! நான் போயி காப்பி எடுத்துட்டு வந்துர்றேன்.

மருதையன்: ஓடுறான் பாரு. கொக்கு கண்ட நண்டு மாதிரி.

கண்ணாத்தாள்: நீங்க மொறச்சா யாரு நிப்பா?

மருதையன்: ஏ கண்ணாத்தா.

கண்ணாத்தாள்: என்ன?

மருதையன்: இவன் வீடு ஒரத்தநாட்டுப் பக்கந்தான?

கண்ணாத்தாள்: அப்புடித்தான் செம்மொழி சொன்னா. மாட்டாஸ்பத்திரியில இவ வேலைக்குச் சேந்த புதுசுல, அவங்க வீட்டு ஆட்டுக்கு ஊசி போடப் போனாளாம். அதுல பழக்கமாம்.

மருதையன்: ஆட்டுக்கு ஊசி போடப் போயி மாப்பிள்ளயப் புடிச்சுருக்கா. ஆடு பொழச்சுச்சா?

கண்ணாத்தாள்: பொழச்சு நாலு குட்டி போட்டுருச்சு. ஒண்ணு சுட்டி வெள்ள, நெத்தியில...

மருதையன்: நெத்தியில?

கண்ணாத்தாள்: ...நெத்தியில ஏதோ இருக்குன்னு செம்மொழி சொன்னா.

மருதையன்: ஆங். நீ அந்தப் பக்கமெல்லாம் போனதில்லையே?

கண்ணாத்தாள்: நானா? எந்த பஸ்ஸுன்னுகூடத் தெரியாது.

மருதையன்: வீடு மாடி வீடா, ஓட்டு வீடா?

கண்ணாத்தாள்: ஓட்டு வீ... ஓட்டு வீடாத்தான் இருக்கும். எனக்கென்ன தெரியும்?

மருதையன்: எனக்கும் தெரியாது. அதான் ஒன்னயக் கேக்குறேன்.

கண்ணாத்தாள்: என்னயக் கேட்டா? பொங்கல் ஆறுது, விடுங்க.

மருதையன்: அங்க பாரு.

கண்ணாத்தாள்: எங்க?

மருதையன்: கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தன் சாஞ்சு கெடக்கான் பாரு. விரலச் சொடுக்குறான். நம்ம வீட்டு நாயக்கூட நான் அப்புடிக் கூப்புட்டதில்ல.

கண்ணாத்தாள்: தம்பி போவுதா?

மருதையன்: போறான். குனிஞ்சு கேக்குறான். சிரிக்கிறான் வேற.

கண்ணாத்தாள்: சிரிச்சா என்னங்க? அது வேல.

மருதையன்: வேலதான். இல்லைங்கல. எங்கப்பன் பாத்ததும் வேலதான். பண்ணை வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. நான் களத்துல நின்னேன். நெல்லு தூத்தி மூட்ட கட்டி முடிச்சு, அவுங்கல்லாம் சாப்புட்டு எந்திரிச்சப்புறம்...

கண்ணாத்தாள்: தெரியும்ங்க.

மருதையன்: தெரியும்ல? மூணு தலைமொறையில இப்பதான் நம்ம வீட்டுல ஒருத்தி நாக்காலியில உக்காந்திருக்கா. டாக்டரம்மாங்குது ஊரே. மிராசுதாரு வீட்டு மாட்டுக்குக்கூட இவ போனாத்தான் ஆச்சு. அவ புருஷன் போயி மறுபடியும் ஒருத்தன் முதுகுக்குப் பின்னால நிக்கணுமா? சொல்லு. நிக்கணுமா?

கண்ணாத்தாள்: நாம நின்னதும் அது நிக்கிறதும் ஒண்ணாங்க?

மருதையன்: அதத்தான் பாக்கலாம்னு வந்தேன்.

கண்ணாத்தாள்: வந்து என்ன பாத்தீங்க? கடலத்தான் பாத்தீங்க. அந்தா, வருது. வாயிருந்தா அதுகிட்டயே கேளுங்க.

செழியன்: காப்பி மேடம். சார், எளநி சீவி வச்சிருக்கேன். இது நான் ஊத்துனது இல்ல, மரம் ஊத்துனது. இதக் குடிக்கலாம்ல?

கண்ணாத்தாள்: பாத்தீங்களா, வெவரத்த!

மருதையன்: சீவுனது யாரு?

செழியன்: ...நான்தான் சார்.

மருதையன்: அப்புடி வையி. தம்பி, நில்லு. ஒண்ணு கேக்குறேன். ஓட்டல்காரனா பதில் சொல்லாத.

செழியன்: கேளுங்க சார்.

மருதையன்: அந்தாளு சொடுக்குனானே. வலிக்கலயா?

செழியன்: வலிக்கும் சார்.

மருதையன்: அப்புறம் என்னத்துக்குச் சிரிச்ச?

செழியன்: நான் மூஞ்சியத் தூக்கி வச்சா இன்னும் ரெண்டு தடவ சொடுக்குவாரு. சிரிச்சுக்கிட்டே ஒங்க பேரு என்ன சார், எந்த ஊருலேர்ந்து வர்றீங்கன்னு கேட்டேன். மனுசனா நெனச்சுக் கேட்டா, அவுங்களுக்கே ஒரு மாதிரி ஆயிரும். கை தானா எறங்கிரும்.

மருதையன்: எறங்குச்சா?

செழியன்: கேளுங்க, இப்பக் கூப்புடுறாரு பாருங்க. "தம்பி"ங்குறாரு.

கண்ணாத்தாள்: ஆமாங்க! தம்பின்னுதான் கூப்புடுறாரு!

செழியன்: கூட வேல பாக்குற நௌஷாத் அண்ணன் அவரப் பாத்துக்குவாரு. நீங்க கேளுங்க சார்.

மருதையன்: எல்லாரும் எறக்கிருவாங்களா?

செழியன்: எல்லாரும் இல்ல சார். சில கை எறங்காது.

மருதையன்: அதுக்கு என்ன பண்ணுவ?

செழியன்: மூணு மணி வரைக்கும் பொறுத்துக்குவேன். மூணு மணிக்கு ஷிப்ட்டு முடிஞ்சுரும். கோட்டக் கழட்டி மாட்டிட்டு வெளிய வந்துட்டா என்னைய எவனும் சொடுக்க முடியாது. அன்னைக்கு ஒருத்தரு, இங்க தங்கியிருந்தவருதான், டீக்கடையில பக்கத்துல வந்து உக்காந்தாரு. அடையாளமே தெரியல அவருக்கு. சக்கரை டப்பாவ நகத்துங்கன்னேன். நகத்துனாரு.

மருதையன்: ...எங்களுக்குக் கழட்டி மாட்ட கோட்டு இல்லடா தம்பி. பண்ணையில நின்னாலும் அந்த ஒடம்புதான், டீக்கடைக்குப் போனாலும் அந்த ஒடம்புதான்.

செழியன்: எங்கப்பாவும் இதத்தான் சொல்வாரு சார்.

மருதையன்: வீட்டுக்குப் போனா யாரு பரிமாறுவா? அங்கயும் நீதானா?

செழியன்: என்னைய விட மாட்டாரு சார் எங்கப்பா. நாள் பூரா நின்ன காலு, நீ உக்காருன்னுட்டு அவருதான் கரண்டியத் தூக்குவாரு. அதுதான் ஒங்களுக்கே...

மருதையன்: எனக்கே என்ன?

செழியன்: ஒங்களுக்கே... நம்ப முடியாதுன்னு சொல்ல வந்தேன் சார்.

மருதையன்: ம். அப்புடிச் சொல்லு.

கண்ணாத்தாள்: தம்பி, மறுபடி வேர்க்குது ஒனக்கு.

செழியன்: கோட்டு மேடம். நான்... அந்த மேசையப் பாத்துட்டு வந்துர்றேன்.

கண்ணாத்தாள்: நல்ல புள்ளங்க.

மருதையன்: நல்ல புள்ளதான்.

கண்ணாத்தாள்: அப்ப? இட்லி கொண்டாரச் சொல்லவா?

மருதையன்: நல்ல புள்ளன்னுதான் சொன்னேன். இட்லின்னு சொன்னேனா?

கண்ணாத்தாள்: என்ன மனுசங்க நீங்க! இருங்க, போனு... செம்மொழிதான். ஆங், சொல்லும்மா... இல்லம்மா... இன்னும் இல்ல. எளநியக்கூடத் தொடல... நான் என்ன பண்ண, வாயத் தொறந்து ஊட்டவா முடியும்?... ஏய், ஏய்... நீ எங்க இருக்க?... சரி, சரி. வையி.

மருதையன்: அழுவுறாளா?

கண்ணாத்தாள்: எவன் வீட்டு மாட்டுக்கோ ஊசி போட்டுக்கிட்டே அழுவுறா. "அப்பாவ ஒண்ணும் வற்புறுத்தாதம்மா, அவருக்குப் புடிக்கலன்னா விட்டுரு"ங்குறா. உள்ள ஒவ்வொரு சட்டியா எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க. மணி ஆயிருச்சு.

மருதையன்: கண்ணாத்தா. இங்க பாரு. எங்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா ஒனக்கு?

கண்ணாத்தாள்: என்ன இருக்கு?

மருதையன்: கேட்டேன். இல்லன்னா எந்திரி, பையத் தூக்கு. வண்டி வர்ற எடத்துக்குப் போவோம்.

கண்ணாத்தாள்: இருங்க.

மருதையன்: என்ன?

கண்ணாத்தாள்: உக்காருங்க சொல்றேன். ...நான் கை நனைச்சுட்டேங்க.

மருதையன்: அதான் பாக்குறேனே. முழங்கை வரைக்கும் நெய்யி வழியுது.

கண்ணாத்தாள்: இங்க இல்ல. அவுங்க வீட்டுல. தை மாசம். நீங்க அறுவடைக்கு மிஷினு பின்னால நின்னப்ப, எங்க சித்தி மவ பூர்ணிமாவுக்கு வளகாப்புன்னு சொல்லிட்டுப் போனேன்ல? வளகாப்பு இல்ல.

மருதையன்: இல்லயா?

கண்ணாத்தாள்: அவ வயித்துல ஒண்ணுமே இல்ல.

மருதையன்: அடிப்பாவி! மன்னார்குடி கடைத்தெருவுல அவ புருஷனப் பாத்து, என்னப்பா எப்பக் கொழந்தன்னு கேட்டேன்டி!

கண்ணாத்தாள்: அவரு என்ன சொன்னாரு?

மருதையன்: என்ன சொல்வான்? மொறச்சுக்கிட்டுப் போனான். நான் என்னவோ கோவக்காரன்னு நெனச்சேன்.

கண்ணாத்தாள்: சும்மா பாத்துட்டு வந்துரலாம்னுதாங்க போனேன். நாலு பேரு சொல்றதுக்கு முன்னால நம்ம கண்ணால பாப்போம்னு. கை நனைக்கவே கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் வாசப்படி ஏறுனேன். அந்தம்மா என்ன ஏதுன்னு கேக்கல. மொகத்தப் பாத்துச்சு, வெயில்ல வந்துருக்கீங்கன்னுச்சு, பாய விரிச்சு இலையப் போட்டுருச்சு. ஒங்களக் கேக்காம, ஒங்களுக்குத் தெரியாம, ஒங்க பொண்ண நான் பாட்டுக்குக் குடுத்துட்டு வந்துட்டேன். தப்பு என்னுது. அதுக்கு என்னயத் திட்டுங்க, என்ன வேணாலும் சொல்லுங்க. அவள அழ வைக்காதீங்க.

மருதையன்: சொல்லி முடிச்சுட்டியா?

கண்ணாத்தாள்: முடிச்சுட்டேன்.

மருதையன்: தம்பி! ஏ செழியா! இட்லி கொண்டா. நாலு... ஆறாவே கொண்டா. நேத்து சுட்டியே ஒரு மீனு, அது கெடைக்குமா?

செழியன்: சார்! ...மாமா! சுடச் சொல்றேன் மாமா. கெடைக்கலன்னா நானே கடல்ல எறங்குறேன்.

மருதையன்: மொதல்ல அந்த எளநிய இப்புடிக் குடு. தொண்ட ஒட்டிக்கிச்சு.

செழியன்: இந்தாங்க. செம்மொழிக்குச் சொல்லிரவா மாமா?

மருதையன்: சொல்லு. ஊசியக் கீழ வச்சுட்டுக் கேக்கச் சொல்லு. மாடு பாவம்.

கண்ணாத்தாள்: என்னங்க... திட்டலயா?

மருதையன்: வயித்துல தெம்பு வரட்டும். அப்புறம் திட்டுறேன்.

கண்ணாத்தாள்: கோவமே இல்லயா ஒங்களுக்கு?

மருதையன்: இல்லாமயா நேத்துலேர்ந்து பட்டினி கெடக்கேன்? நீ வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் ஒரு பருக்க திங்கிறதில்லன்னு இருந்தேன். நீ என்னடான்னா மீனு திங்கத்தான் வாயத் தொறக்குற.

கண்ணாத்தாள்: அப்ப... முன்னயே தெரியுமா? யாரு சொன்னா? ஏந்தம்பி, நீதான் போட்டுக் குடுத்தியா?

செழியன்: சத்தியமா நான் இல்ல அத்தை! நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு நான் படுற பாடு...

கண்ணாத்தாள்: ரெண்டு பேருக்குமா?

மருதையன்: போன வாரம் கன்னுக்குட்டி பாக்கப் போறேன்னு போனேன்ல? ஒரத்தநாட்டுக்குப் போயி, பொண்ணு குடுக்குறதா இல்லைங்கன்னு நேராச் சொல்லிட்டு வந்துரலாம்னுதான் போனேன். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அந்தம்மா பாய விரிச்சுருச்சு. "உக்காருங்கண்ணே, தை மாசம் அக்காவும் இதே பாயிலதான் உக்காந்து, கருவாட்டுக் கொழம்புக்கு ரெண்டு தடவ சோறு வாங்குனாங்க"ன்னுச்சு... நான் மூணு தடவ வாங்குனேன்டி.